இரட்டைக் கண் திறப்பு விழா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியாக அது செய்த உருப்படியான காரியம், நெடுங்குளம் பறவை நேசர் மன்றம் தனக்கென்று ஓர் இரட்டைக் கண் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்ததுதான். சொல்பவன் அந்த மன்றத்தின் செயலாளன் என்பதால் நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள், எனக்கென்ன? உத்தியோக காலம் முழுவதும் அரசாங்கத்துக்குக் கோப்பு எழுதியவன் நான். உண்மை எது என்று எனக்குத் தெரியும். அதை எந்த வார்த்தையால் மூடி அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும்.

ஸ்கோப் என்றால் தூரத்தில் நிற்கும் பறவையை மூக்கு நுனிக்கு இழுத்து வரும் குழல். மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும். பைனாகுலரைவிடப் பெரியது, பீரங்கியைவிடச் சிறியது. பெரும்பாலான ஸ்கோப்புகளில் கண் வைக்க ஒரே ஓட்டைதான் உண்டு. அங்கேதான் எங்கள் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

நெடுங்குளம் சுசீந்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. மழை ஓய்ந்தால் சங்குவளை நாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்கும். அவை பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பக்கம் வருகின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்கள். போக்குவரத்து சமமாகிவிடுகிறது.

குளத்தின் தென்கரையில் எங்கள் 'பறவை நோக்கு நிலையம்' இருக்கிறது. தகரக் கூரை, மின்விசிறி, குஷன் நாற்காலி, ஃபிளாஸ்க்கில் சாயா, சம்புடம் நிறைய ஏத்தன் வத்தல், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ். ஊர்க்காரர்கள் இதை 'பெருசுகள் பந்தல்' என்று சொல்வதாகக் கேள்வி. ஊர் வாய்க்கு என்ன தெரியும்? 'வசதியாகப் பறவை பார்த்தல்' என்பது எங்கள் மன்றத்தின் குறிக்கோள். பறவைகள் ஏற்கெனவே அசௌகரியமாகத்தான் வாழ்கின்றன. பார்க்கிறவனும் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

மன்றத்தின் தலைவர் யேசுதாசன். நிலையத்திலிருந்து பார்த்தால் இடது கரையில் நிற்கிற 'கானாவூர் மகால்' என்ற கல்யாண மண்டபம் அவருடையது. பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமானது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கானாவூரில் தண்ணீர் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். துணைத்தலைவர் ராஜையன் சார், பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் எபிசன், தம்மாமிலிருந்து திரும்பி வந்தவன். எந்தப் பேச்சையும் "அங்க கல்ஃபுல எல்லாம்" என்றுதான் தொடங்குவான். மழை பெய்கிறது என்றால்கூட.

முதல் ஸ்கோப்பை யேசுதாசனே அன்பளிப்பாகத் தந்தார். ஒற்றைக் கண். ஜெபம் பண்ணி, ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொருவராகக் குனிந்தோம்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு பாக்கணும் ஓய்" என்றார் ராஜையன் சார்.

"மூடத்தான் பாக்கேன். ஒண்ண மூடினா ரெண்டும்லா மூடிருது" என்றார் யேசுதாசன்.

எல்லோருக்கும் அதே பாடுதான். சபையில் ஒழுக்கமாக வளர்ந்தவர்கள் நாங்கள். வாலிபத்தில்கூட யாரையும் பார்த்துக் கண்ணடித்தது கிடையாது. ஜெபத்துக்கு இரண்டையும் மூடுவோம், காணிக்கைப் பை வரும்போது இரண்டையும் திறப்போம். ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கும் கலை எங்கள் முகங்களுக்குப் படியவே இல்லை. எனவே வலது கண்ணை ஸ்கோப்பில் வைத்துக்கொண்டு, இடது கண்ணைத் திறந்தபடியே விட்டுவிட்டோம்.

வேலையில்லாத கண் சும்மா இருக்குமா? அது இடது கரையைப் பார்த்தது.

ஜனவரி மாதம், கல்யாணச் சீசன். ஒரு நாள் சாயங்காலம் என் வலது கண்ணில் ஒரு சங்குவளை நாரை நின்றது. ரோஜா நிறத்தில் வால் பக்கம், மஞ்சள் மூக்கு, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படி ஒரு நிலை. அழகென்றால் அழகு, நான் மூச்சுவிடவே மறந்துவிட்டேன். அதே நேரம் இடது கண்ணில், மகாலுக்குப் பின்புறம், ஆள் தலை நுழையும் அகலத்தில் ஒரு குழாய் தெரிந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒன்று குளத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வாழையிலைத் துண்டு, சோறு, பிரியாணி எண்ணெய், பாயாசத்துச் சேமியா, கக்கூஸ் கழிவு. காற்று எங்கள் பக்கம் திரும்பியது. என் கை தானாகப் போய் மூக்கைப் பொத்தியது.

கெட்ட நேரம், நான் பொத்தியதை ஒருத்தி பார்த்துவிட்டாள்.

குழாயை ஒட்டிக் கரையோரமாக ஓர் ஓட்டு வீடும் ஒரு கிணறும் உண்டு. வீட்டுக்காரி நேசபாய், என் சித்தப்பா மகள். புருஷன் இல்லை. மகள் பிரீனா பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு இருக்கிறாள். நேசபாய் வாளியைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, குளத்தைச் சுற்றி விறுவிறுவென்று வந்தாள்.

"அண்ணே, பாத்தியளா?"

"என்னத்த?"

"மூக்கப் பொத்தினியள்லா, அதத்தான்."

"அது தும்மல் வந்துது நேசம்."

"தும்மலுக்கு மூக்கப் பொத்திட்டு நிப்பாவளா யாராவது?" என்று கேட்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கிணத்து வெள்ளம் கறுத்துப் போச்சு அண்ணே. பிரீனாக்க பிள்ளைய அதுல குளிப்பாட்டினா மேலெல்லாம் தடிச்சு வருது. ராவும் பகலும் ஒரே அழுக. பஞ்சாயத்து பைப்புல வெள்ளம் எப்பம் வருதுன்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். யேசுதாசன்கிட்ட போய்க் கேட்டா, கொழாயே இல்லேங்கான். மனு குடுத்திருக்கேன். கண்ணால பாத்த ஆளு ஒருத்தர் சொன்னா போதும்னு சொல்லுகாவ. நீங்க பாத்தியள்லா. நீங்க சொன்னா கொழாய எடுப்பாவ."

நான் மன்றத்தின் செயலாளன். தனிமனிதனாக எதையும் பார்க்க எனக்கு அதிகாரம் கிடையாது. "மன்றத்துல வச்சுப் பேசிட்டுச் சொல்லுகேன் மக்கா" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம். இதற்கும் விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, என்றாலும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஸ்மைலினுக்கு அஞ்சுகிராமத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம், கானாவூர் மகாலில். "நம்ம பிள்ளைக்க கல்யாணத்துக்கு வாடகையா? போரும் ஓய்!" என்று யேசுதாசன் என் தோளில் தட்டியிருந்தார்.

மன்றம் அவசரமாகக் கூடியது. பொருள்: 'உறுப்பினர்களின் இடது கண் கோளாறு'.

"எனக்கும் உண்டு சார். ஒரு வாரமா இடது கண்ணு சரியில்ல" என்றான் எபிசன்.

"எனக்கும்தான். பறவ பாக்க இருந்தா இடது கண்ணுல ஒரு..." என்று ராஜையன் சார் இழுத்தார்.

"ஒரு?" என்று யேசுதாசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ராஜையன் சார் ஒரு ஏத்தன் வத்தலை எடுத்து மென்று விழுங்கினார்.

"ஒரு கூச்சம்" என்றார் ராஜையன் சார்.

"வெளிச்சக் கூச்சமா?"

"ஆமா, வெளிச்சக் கூச்சமாக்கும்."

"எனக்கும் அதேதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். குறிப்பேட்டில் 'வெளிச்சக் கூச்சம்' என்று எழுதிக்கொண்டேன்.

நிவாரணம் பற்றிப் பல யோசனைகள் வந்தன. இடது கண்ணில் கைக்குட்டை கட்டிப் பார்த்தோம். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைக் கண்டு, இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று நினைத்துப் பக்கத்து ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். பிறகு, இடது பக்கத்தை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினோம். அதில் யேசுதாசன் இருகை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். வலது கண்ணில் கூழைக்கடாவும் இடது கண்ணில் யேசுதாசனும் ஒரே நேரத்தில் தெரிந்தார்கள். எது எது என்பதில் சிலருக்குக் குழப்பம் வந்தது. நல்லவேளை, ஆரல்வாய்மொழிக் காற்று ஒரே வீச்சில் அவரைக் கிழித்துக் கொண்டுபோய் வயலில் போட்டது.

குழாயை அடைக்கலாம் என்ற யோசனை மட்டும் கூட்டத்தில் வரவில்லை. வரவும் கூடாது. அது பறவை நோக்குதல் சம்பந்தப்பட்ட விஷயமல்ல.

அப்போதுதான் எபிசன் எழுந்தான். "அங்க கல்ஃபுல எல்லாம் ரெண்டு கண்ணு ஸ்கோப்பாக்கும் வச்சிருக்காவ. பைனாகுலர் மாதிரி ரெண்டு கண்ணையும் வச்சுப் பாக்கலாம். ஒரு கண்ண மூடாண்டாம், முகத்தக் கோணாண்டாம், தலைவலி இல்ல. மணிக்கணக்கா இருக்கலாம்."

"ரெண்டு கண்ணும் உள்ள போயிருமா?" என்று யேசுதாசன் கேட்டார்.

"முழுசாப் போயிரும்."

"வெளிய ஒண்ணும் மிச்சம் இருக்காது?"

"ஒரு பொட்டு இருக்காது."

"கொள்ளாம்" என்றார் யேசுதாசன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மன்ற வரலாற்றில் ஏத்தன் வத்தல் தீர்ந்துபோவதற்குள் முடிந்த கூட்டம் அது ஒன்றுதான்.

மூன்று வகை ஸ்கோப்புகளோடு சென்னையிலிருந்து விற்பனைப் பிரதிநிதி வந்தார். அந்த வெயிலில் டை கட்டியிருந்தார், பாவம். ஸ்டாண்டை விரித்து முதல் ஸ்கோப்பை ஏற்றினார்.

"இது ரொம்ப லைட் வெயிட் சார். வயசானவங்ககூட ஈசியா தூக்கிட்டுப் போகலாம்."

"எங்க தூக்கிட்டுப் போறது? நாங்க எந்திரிக்கவே மாட்டோம்" என்றார் ராஜையன் சார். குனிந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்தார். "ஓரத்துல தெரியுது ஓய்."

"என்ன சார் தெரியுது?"

"வெளிச்சம்" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். கண் வைக்கும் இடத்தில் அதற்கு ரப்பர் குழி இல்லை. தள்ளுபடி.

இரண்டாவதை ஏற்றும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம். "இதுதான் சார் இருக்கறதுலயே பெஸ்ட். பார்வை அவ்வளவு அகலம். ஒரே பார்வையில குளம் முழுக்க வந்துடும். கரை, மரம், வீடு, எல்லாமே."

யேசுதாசன் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். "இத எடுத்து உள்ள வையும்."

"சார்?"

"இடுக்கமா ஒண்ணு காட்டும்."

"எல்லாரும் அகலமாத்தான் சார் கேப்பாங்க. இடுக்கமா வேணும்னு நான் இதுவரைக்கும்..."

"நாங்க சபைக்குப் போற ஆளுகளாக்கும். இடுக்கமான வாசல்தான் எங்களுக்கு வழி" என்றார் ராஜையன் சார். பௌதிக ஆசிரியருக்கு இவ்வளவு ஆவிக்குரிய ஞானம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஸ்கோப்! அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் போதாது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் குழல்கள். அவரவர் முகத்துக்குத் தக்கபடி விரிக்கலாம், சுருக்கலாம். யேசுதாசனின் அகன்ற முகமும் அதில் அடங்கியது. மூக்குக் கண்ணாடியோடும் பார்க்கலாம். கண் வைக்கும் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஜெபத்துக்குக் குனிவதுபோல் தலையைக் குனிந்தால் போதும், கழுத்து வலிக்காது. ரப்பர் குழிகள் கண்ணைச் சுற்றி மெத்தென்று அடைத்துக்கொள்ளும். பார்வை குறுகல். ஒரு நாரை தெரிந்தால் அந்த நாரைதான் தெரியும், அதன் சம்சாரம்கூடத் தெரியாது. ஒரு நத்தைகுத்தி நாரை நத்தையை உடைத்து இழுப்பதைப் பார்த்தேன். அதன் அலகில் தொங்கிய நீர்த்துளி வரைக்கும் துல்லியம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி இருக்கு சார்?" என்று பிரதிநிதி கேட்டார்.

"வேற ஒண்ணுமே தெரியல" என்றேன்.

"மன்னிக்கணும் சார், அது கொஞ்சம் குறைதான்..."

"யாரு வே சொன்னா குறைன்னு? இதையே குடுத்துட்டுப் போரும்."

ஸ்டாண்டு மட்டும் எல்லாப் பக்கமும் திரும்பியது. டவுனில் ஒரு லேத்தில் கொடுத்து, இடது பக்கம் திரும்பாதபடி ஒரு கம்பியை வெல்டிங் வைத்தோம். வாரண்டி போய்விடும் சார் என்று பிரதிநிதி ஃபோனில் கதறினார். நாங்கள் வாரண்டியைவிட மனநிம்மதியைப் பெரிதாக மதிக்கிறவர்கள்.

பிப்ரவரியில் 'இரட்டைக் கண் திறப்பு விழா' வெகு சிறப்பாக நடந்தது. ஆரம்ப ஜெபம், வரவேற்புப் பாடல், ரிப்பன் வெட்டுதல், முட்டை பஃப்ஸ். "ஆண்டவர் நமக்கு ரெண்டு கண்ணத் தந்திருக்காரு. இத்தன நாளும் ஒண்ண வச்சுப் பாத்தது அவருக்குச் செஞ்ச துரோகம்" என்று யேசுதாசன் பேசியபோது பலர் கைக்குட்டையை எடுத்தார்கள். அன்றைக்கும் மகாலில் ஒரு கல்யாணம் என்பதால் சிலர் அதை மூக்குக்கும் பயன்படுத்தினார்கள்.

கூட்டத்தின் பின்னால் நேசபாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தையின் கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அது பாட்டுக்குச் சொறிந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, மன்றத்துல வச்சியளா?"

"வச்சாச்சு மக்கா. தீர்மானமும் போட்டாச்சு."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என்னன்னு போட்டிய?"

"கருவிய மாத்திட்டோம். இனி எந்தக் குறையும் இருக்காது."

"எனக்க கிணறு?"

"படிப்படியாத்தான் மக்கா எல்லாம் நடக்கும்" என்றேன். உத்தியோகத்தில் இருந்தபோது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நான் மூன்று பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன்.

அவள் மனு சும்மா போகவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். வந்தது லெந்து நாட்களில். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் எங்கள் சபைகளில் கல்யாணம் கிடையாது. மகால் பூட்டிக்கிடந்தது, சமையல்கட்டில் பூனை தூங்கியது, குழாய் எலும்பாகக் காய்ந்திருந்தது. அதன் வாயில் யாரோ நாலு தென்னை ஓலையைச் சாத்தி, மேலே ஒரு செம்பருத்திக் கம்பும் நட்டிருந்தார்கள். விசாரணைத் தேதி அப்படி அமைந்தது முழுக்க முழுக்கத் தற்செயல். அந்தத் தற்செயலுக்காக யேசுதாசன் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"தண்ணீர் ஓடியதை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்க அண்ணன் பாத்தாவ சார்" என்றாள் நேசபாய். என்னை நோக்கிக் கையை நீட்டினாள். "நித்தமும் குளத்தையே பாத்துட்டிருக்க ஆளுகளாக்கும். அவ்வொ பொய் சொல்ல மாட்டாவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யேசுதாசன் மட்டும் பார்க்கவில்லை. ஃபோனில் மகாலின் முன்பதிவுத் தேதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதிகாரியைக் குஷன் நாற்காலிக்கு அழைத்தேன். "ஐயா, வாயால் சொல்வதைவிடக் கருவியால் காட்டுவதே முறை. இதுதான் எங்கள் ஸ்கோப்பு. இதன் வழியாகத்தான் நாங்கள் குளத்தைப் பார்க்கிறோம்."

அவர் குனிந்தார். ரப்பர் குழிகள் அவர் கண்களை அன்போடு அணைத்துக்கொண்டன. "அடடா!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடடடா!" என்றார். சாயா ஆறியது. நேசபாய் வெயிலில் நின்றாள். "இந்த ரோஸ் கலர் பறவையின் பெயர் என்ன?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒருவழியாக நிமிர்ந்தார்.

"அருமையான கருவி. சரி, இதில் நீங்கள் பார்த்தவரையில் குழாய், கழிவு நீர், ஏதாவது தெரிந்ததா?"

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

பொய்யா? நீங்களே சொல்லுங்கள். அந்தக் கருவியில் அது தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே அவ்வளவு சிரமப்பட்டு அதைத் தேர்ந்தெடுத்தோம்! என் உத்தியோக வாழ்க்கையில்கூட நான் இவ்வளவு தூய்மையான உண்மையைச் சொன்னதில்லை. 'புகாரில் உண்மையில்லை' என்று எழுதிக்கொண்டு, குளத்தின் பறவை வளத்தையும் பாராட்டிவிட்டு, அதிகாரி வண்டி ஏறினார். கல்யாணத்துக்கு அவசியம் வரச் சொல்லி அவருக்கும் ஒரு கார்டு கொடுத்தேன்.

நேசபாய் என்னை ஏசவில்லை, மண்ணை வாரி எறியவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், வீட்டுக்குப் போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து நானே கார்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் முடியாது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் பெண்ணின் அத்தை ஒரு செம்பில் வெள்ளம் கொண்டுவந்து, முதலில் பெண்ணின் அப்பனுக்கு ஊற்றுவாள். அவன் எல்லோர் முன்பாகவும் அதைக் குடிக்க வேண்டும். பிறகு அதே செம்பிலிருந்து சம்பந்திக்கு ஊற்றுவாள். எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு வருவதில் ஒரு கேடும் இல்லை என்று பெண்ணைப் பெற்றவன் சொல்லும் சாட்சி அது. 'சாட்சி வெள்ளம்' என்றே அதற்குப் பெயர். எனக்கு உடன்பிறந்தவள் இல்லை. ஸ்மைலினுக்கு அத்தை என்றால் நேசபாய்தான்.

"பழசையெல்லாம் மனசுல வைக்காத மக்கா. சாட்சி வெள்ளம் நீதான் ஊத்தணும்" என்றேன்.

அவள் கார்டை வாங்கிப் பிரித்து ஸ்மைலின் பெயரைத் தடவிப் பார்த்தாள். "நம்ம பிள்ளைக்கு நான் வராம இருப்பனா? வெள்ளம் நானே கொண்டு வாறேன் அண்ணே."

பாருங்கள், என்ன பெருந்தன்மை! ரத்த பாசம் என்றால் இதுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஈஸ்டர் கழிந்தது. கல்யாணம் சபையில் முடிந்து, மகாலில் முதல் பந்தி. மகால் நிறைந்து வழிந்தது. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே சமையல்கட்டு கொதித்ததில், பின்பக்கம் குழாய் நாற்பது நாள் நோன்பையும் ஒரே மூச்சில் முறித்துக்கொண்டிருந்தது. என் மகள் கல்யாணத்துக் கழிவு அல்லவா, ஓட்டத்தில் ஒரு மிடுக்கு இருந்தது. என் இடது பக்கம் சம்பந்தி. அஞ்சுகிராமத்தில் கடை வைத்திருக்கும் நல்ல மனுஷர். சந்தோஷத்தில் என் இடது கையைப் பிடித்தவர் விடவே இல்லை. எதிரே யேசுதாசன், ராஜையன் சார், எபிசன், விசாரணை அதிகாரி. எல்லோர் இலைக்கு முன்னாலும் பாட்டில் தண்ணீர். மேடையில் சுவர் அகலத்துக்கு எல்.இ.டி. திரை. பந்தியில் நடப்பதெல்லாம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

நேசபாய் வந்தாள். பட்டுச்சேலை, கையில் துலக்கிய பித்தளைச் செம்பு. சம்பந்தியைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாள். என் முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து நிறைய ஊற்றினாள்.

"குடிங்க அண்ணே. எனக்க கிணத்து வெள்ளமாக்கும்."

நான் டம்ளரை எடுத்தேன். டம்ளரின் அடி எனக்குத் தெரியவில்லை. மேலே எண்ணெய் ஒரு வட்டம் போட்டுச் சுற்றியது. நடுவில் ஒற்றைச் சேமியா மிதந்தது.

கேமராக்காரர் நல்ல தொழில்காரர் போலிருக்கிறது. யாரும் சொல்லாமலே டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். திரையில் அது சுவர் அகலத்துக்கு விரிந்தது. பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ராஜையன் சார் இலையைப் பார்த்தார். எபிசன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். விசாரணை அதிகாரி தன் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினார். யேசுதாசன் மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாடகை இருந்தது.

"அடுத்தது எனக்குல்லா? குடியுங்க சம்பந்தி" என்றார் சம்பந்தி. என் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்த அவருக்குத் திரை முதுகுப் பக்கம்.

நேசபாய் குனிந்தாள். முதன்முதலில் குளத்தைச் சுற்றி வந்து கேட்டாளே, அதே குரலில்தான் கேட்டாள். "என்ன அண்ணே பாத்துட்டே இருக்கிய? டம்ளருக்குள்ள என்னமும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல" என்றது என் வாய். பழக்க தோஷம்.

"அப்பம் குடிங்க" என்றாள்.

வலது கையில் டம்ளர். இடது கை சம்பந்தியின் பிடியில். மன்றத்துக்கு நான் செய்த சேவையின் பலனாக ஒற்றைக் கண்ணை மூடும் கலை எனக்கு இன்றுவரை வரவில்லை, ஆகவே இரண்டையும் மூடிக்கொண்டேன். மூக்கு மட்டும் திறந்தே இருந்தது.